14 அடி அலுமினியப் படகில் மோட்டர் மாற்றம்: பலகையில் தொடங்கும் வேலை

ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய படகுதான். 14 அடி நீளம், ரிவெட் அடித்த அலுமினியம், வி வடிவ அடி, 1980களின் தயாரிப்பு. அமரத்தில் (படகின் பின்முனையில்) 15 அங்குல உயர டிரான்சம், அதாவது மோட்டர் தொங்கும் பின்சுவர். அதில் இருந்த 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் மோட்டரைக் கழற்றிவிட்டு, கயிறு இழுத்தும் பற்றரியிலும் தொடங்கக்கூடிய 20 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் மோட்டரைப் பொருத்திய வேலையின் பதிவு இது. மோட்டரைத் தூக்கி மாட்ட அரை மணி நேரம் போதும். மற்ற நேரமெல்லாம் டிரான்சத்துக்குள் இருக்கும் பலகைக்குத்தான் போகும், போகவும் வேண்டும். வெளியில் தெரியும் அலுமினியத் தகடு வெறும் தோல். மோட்டரின் எடையையும் தள்ளுவிசையையும் தாங்குவது அதன் உட்பக்கம் இருக்கும் ஒன்றரை அங்குல ஒட்டுப்பலகை.

எவ்வளவு வலு, எந்த நீளம்

முதலில் படகின் கொள்ளளவுத் தகட்டைப் பாருங்கள். ஆறு மீற்றருக்குக் குறைந்த மோட்டர் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைவலு என்று அதில் எழுதியிருக்கும். தகடு கழன்று போயிருந்தால் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் சூத்திரம் ஒரு நிதானம் தரும். படகின் நீளத்தை அமரப் பக்கத்து அகலத்தால், இரண்டும் அடியில், பெருக்க வேண்டும். 14 அடிக்கு 4 அடி என்றால் 56. பெருக்குத்தொகை 52ஐத் தாண்டிய, கையால் திருப்பும் மோட்டர் பூட்டிய வி அடிப் படகுக்கு அதை 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழித்தால் 19.8 வரும். அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தினால் 20 குதிரைவலு. அதே அளவுள்ள தட்டை அடிப் படகுக்கு 0.5ஆல் பெருக்கி 15ஐக் கழிக்க வேண்டும். 13 வந்து 15 குதிரைவலுவில் நின்றுவிடும். தட்டை அடி கூர்மையான வளைவில் சட்டென்று வழுக்கும், அதனால்தான் இந்தக் கடுமை. தகட்டில் இருப்பதற்கு மேல் வலு போடுவதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்புறுதி கைவிரிப்பதற்கு அது ஒன்றே போதும். 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் கனடாவில் படகுக்கு உரிமஎண்ணும் வேண்டும்.

அடுத்தது மோட்டர் தண்டின் நீளம். டிரான்சத்தின் நடுக்கோட்டில் மேல் விளிம்பிலிருந்து அடிவிளிம்பு வரை தகட்டோடு ஒட்டி அளக்க வேண்டும். 15 அங்குல அளவு வந்தால் குட்டைத் தண்டு, 20 அங்குலம் வந்தால் நீளத் தண்டு. பழைய மோட்டரைப் பார்த்துப் புதியதன் நீளத்தை முடிவு செய்யாதீர்கள். முன்பு பூட்டியவரே பிழையான நீளத்தைப் பூட்டியிருக்கலாம். 15 அங்குல டிரான்சத்தில் 20 அங்குலத் தண்டு தொங்கினால் படகு ஓடத்தான் செய்யும். ஆனால் ஐந்து அங்குலத் தண்டு தேவையில்லாமல் தண்ணீருக்குள் இழுபடும். வேகம் குறையும், தண்ணீர் டிரான்சத்தின் மேல் தெறிக்கும், ஆழமில்லாத இடத்தில் புரொப்பெல்லர் கல்லில் அடிபடும். மறுவளமாக, உயர டிரான்சத்தில் குட்டைத் தண்டு பூட்டினால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். குளிர்விக்கும் நீர் உள்ளே போகும் துவாரமும் மேலே வந்துவிடுவதால் மோட்டர் சூடேறும். இரண்டில் இதுவே ஆபத்தானது.

பழையதைக் கழற்றுதல்

கார்பரேட்டரில் இருக்கும் பெற்றோல் தீரும் வரை ஓடவிட்டு, பிறகு குழாயைக் கழற்றுங்கள். இறுக்கும் திருகுகள் இரண்டும் பல ஆண்டு திருப்பப்படாமல் அலுமினிய மரையோடு பிடித்திருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அசையவில்லை என்றால் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் திருகுகள் இருக்கும் பிடிச்சட்டத்தைச் சூடாக்கி, அரைச் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டிக் கழற்றலாம். சுத்தியலால் கைப்பிடியை அடித்தால் முதலில் உடைவது அந்த வார்ப்புப் பிடிச்சட்டந்தான். தூக்கும்போதும் கிடத்தும்போதும் கீழ்முனையில் இருக்கும் கியர் பெட்டி இஞ்சின் பகுதியைவிட உயரக் கூடாது. தண்டுக்குள் மிஞ்சிய நீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். புதிய நான்கு ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்தப் பக்கமாகக் கிடத்தலாம் என்று கையேட்டில் சொல்லியிருக்கும். மறுபக்கமாகக் கிடத்தினால் ஒயில் பிஸ்டனைத் தாண்டி மேலே ஏறிவிடும்.

டிரான்சம்

பழைய மோட்டரைக் கழற்றுமுன், அது தொங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். மோட்டரைப் பாதி உயர்த்திப் பூட்டி, கியர் பெட்டியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். படகு முழுவதும் ஆடினால் நல்லது. டிரான்சத்தின் மேல் விளிம்பு மட்டும் தனியாக வளைந்து கொடுத்தால் உள்ளே பலகை போய்விட்டது. உறுதி செய்ய உட்பக்கத்திலிருந்து, அடிப்பாகத்துக்குப் பக்கத்தில், 3 மில்லிமீற்றர் துளைப்பானால் பலகைக்குள் மட்டும் துளையிட்டுப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் பயமில்லை. கறுத்து ஈரமாக வந்தால் மாற்றியே ஆக வேண்டும். மேல் விளிம்பைத் தட்டிப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. தண்ணீர் மேலே நிற்பதில்லை. வடிகால் மூடியின் துவாரத்தைச் சுற்றியும் அடிக்கரையிலும்தான் அழுகல் தொடங்கும்.

மேல் மூடிப் பட்டை, இரு மூலை வார்ப்புகள், டிரான்சத்தையும் அடித்தண்டையும் (படகின் அடி நடுவில் நீளமாக ஓடும் தண்டு) இணைக்கும் முட்டுத்தகடு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். 3/16 அங்குல ரிவெட்டின் தலைக்கு அதே அளவுத் துளைப்பானை வைத்து, தலை கழன்றதும் நிறுத்திவிட்டு, தண்டைப் பொறிகுத்தியால் தட்டி வெளியேற்றுங்கள். முழுவதும் துளைத்தால் ஓட்டை பெரிதாகி அடுத்த அளவு ரிவெட் தேடும்படி ஆகும். பழைய பலகை முழுதாக வந்தால் அதுவே புதியதை வெட்ட மாதிரி. துண்டு துண்டாக வந்தால் தடித்த அட்டையில் வெட்டி எடுக்கலாம். முட்டுத்தகட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மோட்டரின் தள்ளுவிசையை அடித்தண்டுக்குக் கொண்டுபோவது அதுதான்.

பலகை வெளிவந்ததும் தகட்டின் உட்பக்கத்தைக் கழுவிச் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடி படிந்த இடத்தில் அரிப்புக் குழிகள் இருக்கும். இருட்டில் வெளியிலிருந்து விளக்குப் பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். அவற்றை எபொக்சியால் அடைக்கலாம். விரல் நுழையும் அளவென்றால் 5052 ரக அலுமினியத் தகட்டில் ஒட்டு வைத்து, நடுவில் மூடு களிம்பு பூசி ரிவெட் அடிக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரண பொப் ரிவெட் கூடாது. அதன் நடு ஊசி ஒருநாள் கழன்று விழும், அந்த ஓட்டையால் தண்ணீர் வரும். முனை மூடிய ரிவெட்டோ முழுத்திண்ம ரிவெட்டோ வேண்டும்.

புதிய பலகைக்கு 18 மில்லிமீற்றர் கடல்தர ஒட்டுப்பலகை இரண்டு. பி.எஸ். 1088 (கடல்தரப் பலகைக்கான பிரித்தானியத் தரம்) முத்திரை உள்ளது நல்லது. மரக்கடையில் விலை குறைவாகக் கிடைக்கும், பச்சை சாயல் கொண்ட, அழுகாமல் மருந்தேற்றிய பலகையை எடுக்காதீர்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்ததும் அது அலுமினியத்தைத் தின்னும். பலகை இருபது ஆண்டு இருக்கும், படகு இருக்காது. பல பழைய படகுகளின் டிரான்சம் ஓட்டையானதற்கு முன்பு யாரோ நல்ல எண்ணத்தில் வைத்த இந்தப் பலகைதான் காரணம்.

இரு பலகைகளின் முகத்திலும் முதலில் வெறும் எபொக்சி பூசி ஊறவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபொக்சியைப் பல்லுள்ள தகட்டால் பரப்பி ஒட்டுங்கள். பிடிகளை அளவோடு இறுக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டு உலர்ந்துபோகும். விளிம்பில் எல்லா இடமும் சிறிதாகப் பிதுங்கி நின்றால் போதும். 10 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் சாதாரண எபொக்சி சரியாக இறுகாது. வசந்தத் தொடக்கத்தில் கராஜில் செய்பவர்கள் ஒரு சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி முடித்ததும் எல்லா முகத்துக்கும் மூன்று பூச்சு, விளிம்புக்கு இன்னும் ஒன்று. ஒட்டுப்பலகை தண்ணீர் குடிப்பது விளிம்பால்தான். ஒரு பூச்சு முழுதாக இறுகிய பின் அடுத்ததைப் பூசுவதானால், மேலே படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவி, உரத்தாள் தேய்த்துப் பூசுங்கள், இல்லாவிட்டால் உரியும். போல்ட் போகும் துளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு முதலில் 12 மில்லிமீற்றரில் துளைத்து, கெட்டியான எபொக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மில்லிமீற்றரில் மீண்டும் துளைக்க வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் இல்லை, 2 மில்லிமீற்றர் எபொக்சிச் சுவர். களிம்பு எப்போதாவது விட்டுக்கொடுத்தாலும் மரம் நனையாது. வடிகால் துவாரத்துக்கும் இதே முறை.

பொருத்தும்போது துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடங்களில் டெஃப்-ஜெல் போன்ற காப்புக் களிம்பு, தண்ணீர் அடைக்க 3எம் 4200 அல்லது சிக்காஃப்ளெக்ஸ் 291. 3எம் 5200 வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது தகடும் சேர்ந்து வரும். வினாகிரி மணக்கும் குளியலறை சிலிக்கோனும் வேண்டாம். அந்த மணமே அசெற்றிக் அமிலம், அலுமினியத்துக்கு ஆகாது.

கூடுதல் எடை

பழைய மோட்டர் சுமார் 36 கிலோ. புதியது 52 கிலோ அளவில். 16 கிலோ தானே என்று தோன்றும். ஆனால் அது படகின் கடைசி அங்குலத்தில், ஓட்டுபவரும் உட்காரும் அதே முனையில் ஏறுகிறது. 25 லீற்றர் பெற்றோல் 18 கிலோவுக்கு மேல் வரும். தாங்கியை அமரத்திலிருந்து நடு இருக்கைக்கு முன்னால் நகர்த்தினால் கணக்கு பெரும்பாலும் நேராகிவிடும். பற்றரியும் அணியப் பக்கமே, அதாவது படகின் முன்பக்கமே போகட்டும்.

பலர் பார்க்காத ஒன்று இருக்கைகளுக்குள் இருக்கும் மிதவை நுரை. படகு நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவதற்காக, அந்தக் காலத்து மோட்டர் எடைக்குக் கணக்கிட்டு வைத்தது. 16 கிலோ கூடினால் ஏறத்தாழ 17 லீற்றர் மூடிய கண்ணறை நுரை (closed-cell) கூடுதலாக வேண்டும். அதைவிட முக்கியம், இருக்கும் நுரை உலர்ந்திருக்கிறதா என்பது. டிரான்சம் திறந்திருக்கும்போது பின் இருக்கையில் கையை விட்டு ஒரு துண்டைக் கிள்ளிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வடிந்தால் அது மிதவை என்ற கணக்கிலிருந்து சுமை என்ற கணக்குக்கு மாறிவிட்டது.

மாட்டுதல்

டிரான்சத்தின் நடுவைக் குறிக்க மேல் பட்டையை அளந்து பாதியாக்கினால் போதாது. கைவேலைப் படகுகளில் மேல் விளிம்பும் அடியும் ஒரே நடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரு பக்க அடிமூலைகளிலிருந்தும் ஒரே நீளத்தில் வளைவு வரைந்து, அவை வெட்டும் புள்ளியையும் அடித்தண்டையும் இணைத்தால் கிடைப்பதே நடுக்கோடு.

உயரத்தைத் தீர்மானிப்பது புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு. நேர்மட்டப் பலகையைப் படகின் அடியோடு ஒட்டிப் பின்னால் நீட்டினால், அந்தத் தகடு அதே மட்டத்திலோ ஒரு அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். அடியில் வெளித்தண்டு ரிவெட் அடித்த படகுகளில் அந்தத் தண்டே காற்றுக்குமிழிகளைக் கிளப்பிப் புரொப்பெல்லருக்கு அனுப்பும் என்பதால் முக்கால் அங்குலம் கீழே வைத்துத் தொடங்குவது நல்லது. தகடு மிகத் தாழ்ந்தால் டிரான்சத்தின் மேல் வன்மரத் துண்டு வைத்து உயர்த்தலாம். அதையும் எபொக்சி பூசியே வைக்க வேண்டும்.

போல்ட் துளைகளை உடனே போடாதீர்கள். திருகுகளைக் கையால் இறுக்கி, பாதுகாப்புச் சங்கிலி கட்டி, காற்றில்லாத நாளில் கரையோரமாக அரை வேகத்துக்கு மேற்படாமல் ஓட்டிப் பாருங்கள். தகட்டின் மேல் மெல்லிய நீர்ப்படலம் வழிந்தால் உயரம் சரி. பக்கங்களில் விசிறி அடித்தால் தாழ்வு. வளையும்போது இஞ்சின் திடீரென்று அலறினால் உயர்வு. உயரம் பிடித்த பிறகே, பலகையில் முன்பு சொன்ன எபொக்சி முறையில் துளையிடுங்கள். பிடிச்சட்டத்தின் துளைகள் வழியாக 8 மில்லிமீற்றர் போல்ட், உட்பக்கம் 4 மில்லிமீற்றர் அலுமினியப் பின்தகடு, அகல வாஷர், நைலோன் பூட்டு நட்டு. அந்தப் போல்ட் இல்லாமல் திருகை மட்டும் நம்பி ஓடும் மோட்டர்கள் நிறைய. அதிர்வில் திருகு கால் சுற்று தளர்ந்தால் போதும், ஒரு கூர்மையான வளைவில் மோட்டர் ஏரிக்குள் இருக்கும். திருகுகளின் நுனிக்கும் பலகைக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் தகடு வைத்தால் மரம் குழியாகாது. திருகை இறுக்கக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம்.

பெற்றோல் வழி

பழைய தாங்கியில் ஒயில் கலந்த பெற்றோல் மிஞ்சியிருந்தால் முழுவதும் வெளியேற்றிக் கழுவுங்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்கு அது தேவையில்லை, பிளக்கை அழுக்காக்கும். குழாயையும் கை பம்பையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய ரப்பர் எத்தனால் கலந்த பெற்றோலில் உட்புறமாகச் செதில் விட்டிருக்கும், அந்தச் செதில் ஊசித்துளைக்குள் போய் அடைக்கும். இணைப்பான்கள் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. பம்பின் அம்புக்குறி மோட்டரை நோக்க வேண்டும், அமுக்கும்போது வெளிவாய் மேலே பார்க்கட்டும். நடுவில் 10 மைக்ரோன் நீர்பிரி வடிகட்டி ஒன்று.

பின்னாளில் வரும் கோளாறுகளையும் இந்தப் பம்பே சொல்லும். எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லை என்றால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் காற்று புகுகிறது. ஓடும்போது உறிஞ்சித் தட்டையாகிவிட்டால் தாங்கியின் காற்றுவழி மூடியிருக்கிறது. பெரும்பாலும் மூடியில் இருக்கும் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள்.

மின்வேலை சுருக்கம். நேர்க்கம்பியில் பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், இரு கம்பியும் மோட்டர் வரை தனித்தனியாக. விளக்குக்கோ மீன்தேடும் கருவிக்கோ படகின் உடலை எதிர்க்கம்பியாகப் பயன்படுத்தவே கூடாது. அலுமினியத்தில் கசியும் மின்னோட்டம் செய்யும் சேதத்தை எந்தப் பூச்சும் தடுக்காது.

முதல் ஓட்டம்

இஞ்சின் ஒயில் மட்டத்தை மோட்டர் செங்குத்தாக நிற்கும்போது பாருங்கள். கியர் ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தில் குமிழியின்றி வழிந்ததும் முதலில் மேல் மூடியை மூடி, பிறகு கீழேயுள்ளதை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கி, பாதி அளவுதான் போகும். தொடங்கிய சில நொடிகளில் பின்பக்கத் துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். உலர்ந்து ஓடும் நீர்ப்பம்பின் ரப்பர் விசிறி நிமிடக்கணக்கில் கருகும்.

புதிய இஞ்சினைப் பழக்கும் ஓட்டம் பத்து மணி நேரம். முதல் மணி நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில், இரண்டாம் மணி 3000 அளவில், அதன்பின் முழு வேகம் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரே வேகத்தில் நீள ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

பழக்கம் முடிந்ததும் புரொப்பெல்லர் சரியா என்று பார்க்க வேண்டும். வழக்கமான ஆட்களும் பொருட்களும் ஏறியிருக்க, முழு வேகத்தில் இந்த மோட்டர் 5000க்கும் 6000க்கும் இடையில் சுற்ற வேண்டும். 4700ஐத் தாண்டவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) கூடிவிட்டது. ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று ஏறும், ஆகவே இரண்டு அங்குலம் குறைந்ததைப் போடலாம். குறைந்த சுற்றில் முக்கி ஓடும் இஞ்சின் வெளியில் அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே சுமையில் கரிபிடிக்கும். பிளக் கம்பியில் சுற்றும் மலிவான சுற்றுமானி இதற்குப் போதும், ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். இந்த வகைச் சிறு மோட்டர்கள் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும். இரு சுற்றுக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் மானி இரட்டிப்பாகக் காட்டும்.

அணியம் எழும்பி வானத்தைப் பார்த்தால் மோட்டரின் சாய்வை நிறுத்தும் ஊசியை ஒரு துளை உள்ளே, டிரான்சப் பக்கமாக நகர்த்துங்கள். குதித்துக் குதித்து ஓடினாலும் முதலில் அதையே செய்து பாருங்கள். அணியம் தாழ்ந்து தண்ணீரை உழுதால் ஒரு துளை வெளியே. புரொப்பெல்லரைக் கழற்றிப் போடும்போது தண்டில் நீர்தாங்கும் கிரீஸ், உந்து வாஷர் முன்பிருந்த அதே திசையில், பிளவு ஊசி எப்போதும் புதியது. மாதம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது வீண் வேலையில்லை. மீன்பிடி நைலோன் சுற்றிக்கொண்டால் அது தண்டின் சீல் வளையத்தை அறுத்து கியர் பெட்டிக்குள் தண்ணீரை விடும்.

நன்னீர் ஏரியில் மட்டும் ஓடும் படகுக்கு மக்னீசியத் தியாகத் துண்டு (மோட்டருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) பொருத்தம். புதிய மோட்டரோடு பெரும்பாலும் உப்புநீருக்கானதே வரும். துத்தநாகம் நன்னீரில் மேல்தோல் பிடித்து வேலையை நிறுத்திவிடும். அதே மக்னீசியத்தைக் கடலுக்குக் கொண்டுபோனால் வேகமாகக் கரைவதோடு பூச்சையும் கொப்பளிக்கவைக்கும், அங்கே அலுமினியக் கலவைத் துண்டு வேண்டும். எதுவானாலும் அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள்.

20 மணி நேர ஓட்டத்தில் முதல் ஒயில் மாற்றம், கூடவே கியர் ஒயிலும். அதே நாளில் டிரான்ச போல்ட்டுகளையும் திருகுகளையும் சாவி வைத்துப் பாருங்கள். புதிய பலகை அமர்ந்து கொடுத்திருக்கும். கியர் ஒயில் பால் நிறத்தில் வந்தால் சீல் வளையத்தை மாற்றாமல் குளிர்காலத்துக்குள் போகக் கூடாது. ஒயிலோடு இருக்கும் தண்ணீர் உறைந்து பெட்டியைப் பிளக்கும். கராஜில் வைக்கும்போதும் மோட்டரைச் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், உள்ளே மிஞ்சிய நீர் தானாக வடிந்துவிடும்.